தாமாகவே தொடங்கும் செய்நிரல்கள்: கணனிப் பாவனையாளரின் உரிமை பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய ஆய்வை நோக்கமாகக் கொண்ட ஏடொன்றிற் கணனியின் தொடக்கநிலைச் செயற்பாடு பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பை அளித்தல் கூடும். ஆனால் சுவடிப் பதிப்பு, சொல்லடைவு, ஆய்வேடு, வினாத்தாள் என நமது துறைசார்ந்த வேலைகளுட் பெரும்பாலானவை இன்று கணனியிலேயே நிறைவேறுகின்றன. ஒருவர் தமது உழைப்புக் கருவியின் இயல்பை அறிந்திராவிடின், அக்கருவியைப் பற்றிய முடிவுகளை வேறெவரோ அவருக்காக எடுத்துவிடுவர். அத்தகைய முடிவுகளுள் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றை எடுத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நினைவிலிருந்து நீங்கக்கூடியதன்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அக்காலத்தில் மாணவி ஒருவர் தமது பழைய மடிக்கணனியுடன் என்னிடம் வந்தார். மின்கலம் வலுவிழந்திருந்த அக்கணனி, மின்சாரம் கிடைக்கும் சொற்ப நேரத்திற் பத்து நிமிடத்தை விழித்தெழுவதற்கே செலவிடுவதாகக் கூறினார். கணனி பழுதடைந்துவிட்டதெனக் கருதிய அவருடைய தந்தையார் கடன்பட்டுப் புதியதொன்றை வாங்க முயன்றுகொண்டிருந்தார். நாம் இருவரும் அமர்ந்து பார்த்தபொழுது பழுது எதுவும் காணப்படவில்லை. ஆளியை அழுத்தியதும் தாமாகவே தொடங்கும் செய்நிரல்கள் 17 அதனுள் இருந்தன. அவற்றுட் பதின்மூன்று, தாம் ஒருபொழுதும் கேட்டுப் பெறாதவை என அவர் கூறினார். அவற்றை நிறுத்துவதற்கு அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது. கடன் தேவைப்படவில்லை.

இச்சிறு நிகழ்ச்சி இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. அச்செய்நிரல்கள் அங்கே எவ்வாறு வந்தன? அவற்றை நிறுத்தும் வழி பாவனையாளருக்கு ஏன் எளிதிற் புலப்படவில்லை?

1. தொடக்கம் என்னும் செயன்முறை

கணனியின் தொடக்கத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘பூட்’ என்னும் சொல், தனது சப்பாத்தின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னை உயர்த்திக்கொள்வது என்னும் பொருள்தரும் தொடரிலிருந்து பிறந்தது. செய்நிரலை இயக்குவதற்கே ஒரு செய்நிரல் தேவையாயின், முதலாவது செய்நிரலை இயக்குவது யாது என்னும் சிக்கலை அது சுட்டுகின்றது. இச்சிக்கல் படிநிலையாகத் தீர்க்கப்படுகின்றது. மின்னோட்டம் பாய்ந்ததும் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள நிலைபொருள் விழித்தெழுந்து வன்பொருளைச் சோதிக்கின்றது. பின்னர் அது சேமிப்பகத்திலுள்ள சிறியதொரு ஏற்றுநிரலைத் தேடிப் பிடிக்கின்றது. ஏற்றுநிரல் பணிசெயல் முறைமையின் கருப்பகுதியை நினைவகத்துக்குக் கொணர்கின்றது. கருப்பகுதி சாதனங்களை இயக்கும் நிரல்களையும், பின்னணியில் நின்று தொழிற்படும் சேவைகளையும் தொடக்குகின்றது. இதன் பின்னரே பாவனையாளர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உட்புகுகின்றார்.

இவ்வளவும் இன்றியமையாதவை. நாம் ஆராயும் விடயம் இதற்கு அடுத்த படியில் நிகழ்கின்றது. பாவனையாளர் உட்புகுந்ததும், அவர் எதனையும் கோருவதற்கு முன்பாகவே, பணிசெயல் முறைமை ஒரு பட்டியலை எடுத்து அதிலுள்ள செய்நிரல்களை இயக்கத் தொடங்குகின்றது. உரையாடற் செய்நிரல், இசைச் செய்நிரல், அச்சுப்பொறிக் கம்பனியின் உதவிச் செய்நிரல், புதிய பதிப்பு வந்துள்ளதா எனத் தேடும் செய்நிரல் ஆகியன இப்பட்டியலில் இடம்பெறுவன.

இவற்றால் விளையும் தாமதத்தின் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மத்திய செயற்பாட்டு அலகும் சேமிப்பகமும் ஒரே கணத்திற் பல செய்நிரல்களால் வேண்டப்படுகின்றன. சுழலும் வன்தட்டுக் கொண்ட பழைய கணனிகளில், தட்டின் பல்வேறிடங்களிற் சிதறிக்கிடக்கும் கோப்புகளைத் தேடிப் படிமுனை அங்குமிங்கும் அலையவேண்டியுள்ளது. நினைவகத்தின் நிலையும் இதனையொத்ததே. ஒரு செய்நிரல் 150 மெகாபைற்று இடத்தைக் கொள்ளுமெனின், பத்துச் செய்நிரல்கள் 1500 மெகாபைற்றைக் கவர்ந்துகொள்ளும். 4 கிகாபைற்று நினைவகம் மட்டுமே உள்ள கணனியில் இது மூன்றிலொரு பங்குக்கும் மேலாகும். நினைவகம் நிரம்பியதும் முறைமை அதன் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்கும். இதனாலேயே தாமதம் தொடக்கத்தோடு நின்றுவிடாது நாள் முழுவதும் தொடர்கின்றது.

2. வரலாற்றுப் பின்னணி

இவ்வசதி தோன்றிய காலத்தில் அது பாவனையாளரின் கையிலேயே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணனியில் இயங்கிய டொஸ் முறைமை, ‘ஓட்டோஎக்ஸெக்’ என்னும் பெயருடைய கோப்பொன்று இருப்பின் தொடக்கத்தில் அதனை வாசித்து, அதிலுள்ள கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றியது. அது வெறும் எழுத்துக் கோப்பு. எவரும் அதனைத் திறந்து வாசிக்கலாம். வேண்டாத வரியை அழிக்கலாம். கணனி எதனைச் செய்யவிருக்கின்றது என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கிய வெளிப்படையான பட்டியலாக இருந்தது.

விண்டோஸ் முறைமையின் வளர்ச்சியோடு இந்நிலை மாறியது. முதலில் அமைப்புக் கோப்பொன்றின் இரு வரிகள் இப்பணிக்குப் பயன்பட்டன. 1992இல் வெளியான 3.1ஆம் பதிப்பில் ‘ஸ்டார்ட்அப்’ என்னும் தொகுதி தோன்றியது. 1995ஆம் ஆண்டின் பதிப்பு, முறைமையின் அமைப்புகளை ‘ரெஜிஸ்ரி’ எனப்படும் பெருந்தரவுத் தொகுதியின் ஆழத்திற் சேர்த்தது. ‘ரன்’ எனப் பெயரிய பதிவிடங்களில் ஒரு வரியை எழுதிவிட்டால் ஒரு செய்நிரல் ஒவ்வொரு முறையும் தானாகத் தொடங்கும். செய்நிரலை நிறுவும் கம்பனி அவ்வரியை நொடிப்பொழுதில் எழுதிவிடலாம். அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கோ பாவனையாளருக்குச் சிறப்பறிவு வேண்டியிருந்தது. எழுதும் உரிமை அனைவருக்கும் இலகுவாகவும் அழிக்கும் அறிவு சிலருக்கு மட்டும் உரியதாகவும் அமைந்த இவ்வேற்றத்தாழ்வே நமது சிக்கலின் மையமாகும்.

பின்னாளில் இதற்குச் சில பரிகாரங்கள் வந்தன. விண்டோஸ் 98 இலிருந்து ‘எம்எஸ்கொன்பிக்’ என்னும் கருவி கிடைத்தது. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் ஆகியோர் உருவாக்கிய ‘ஓட்டோரன்ஸ்’ என்னும் இலவசக் கருவி, தாமாகத் தொடங்கும் அனைத்தையும் ஒரே பார்வையிற் காட்டியது. அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசொப்ட் 2006இல் வாங்கியது. சாதாரண பாவனையாளர் எளிதில் அணுகக்கூடிய பட்டியல் 2012இல், விண்டோஸ் 8 வெளிவந்தபொழுதே, டாஸ்க் மனேஜரில் இடம்பெற்றது. 1995க்கும் 2012க்கும் இடைப்பட்ட 17 ஆண்டுகள் நீண்டதொரு காலமாகும்.

3. தொடக்கத் திரையும் நீதிமன்றமும்

கணனி தொடங்கும்பொழுது முதலில் எது தோன்றவேண்டும் என்பது அற்ப விடயமெனக் கருதுவோர், ஐக்கிய அமெரிக்காவில் மைக்ரோசொப்ட் கம்பனிக்கெதிராக 1998 மே மாதத்தில் அந்நாட்டு நீதித் திணைக்களமும் 20 மாநிலங்களும் தொடர்ந்த வழக்கை நோக்குதல் நன்று. கணனி உற்பத்தியாளர் சிலர், தாம் விற்கும் இயந்திரம் முதன்முறையாக இயங்கும்பொழுது தமது அறிமுகப் பாடங்களும், இணையச் சேவையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பும் தோன்றும் வகையில் தொடக்க வரிசையை மாற்றி அமைத்தனர். அதன்வழியே மைக்ரோசொப்ட்டுக்குப் போட்டியான இணைய உலாவிகளும் பாவனையாளரைச் சென்றடைய வாய்ப்பிருந்தது. 1996இல் மைக்ரோசொப்ட் தனது அனுமதி ஒப்பந்தங்களின் மூலம் இத்தகைய மாற்றங்களைத் தடைசெய்தது. 2001 ஜூன் 28 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், தொடக்க வரிசையை மாற்றலாகாது என்பதுட்பட இத்தடைகளுட் பெரும்பாலானவை தனியுரிமையைப் பேணுவதற்காகச் சந்தை வலிமையைப் பயன்படுத்தியவை எனக் கண்டது. எனினும், தொடக்கம் முடிந்ததும் விண்டோஸ் முகப்புக்குப் பதிலாக வேறொரு முகப்புத் தானாகத் தொடங்குவதைத் தடுத்த விதியை மட்டும் அது ஏற்றுக்கொண்டது.

இவ்வழக்கின் முக்கியத்துவம் யாது? மனிதர் ஒருவர் கணனியின் முன் அமரும் முதற் சில கணங்கள் பெறுமதி வாய்ந்தவை என்பதைப் பெருங் கம்பனிகள் நன்கறிந்திருந்தன. அவற்றிற்காக நீதிமன்றம் வரை சென்று போராடின. அதே வேளையில், அங்கு வாதிக்கப்பட்டது கம்பனிகளுக்கிடையிலான போட்டியின் நியாயமேயாகும். போட்டி பேணப்பட்டால் பாவனையாளரின் நலன் தானே வந்துசேரும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை எடுகோள். பின்வந்த காலம் அவ்வெடுகோளை மெய்ப்பிக்கவில்லை. வாயில் திறக்கப்பட்டதும் ஒருவருக்குப் பதிலாகப் பலர் உட்புகுந்தனர். விலைக்கு வாங்கிய புதிய கணனியிலேயே வேண்டாத செய்நிரல்கள் நிறுவப்பட்டிருப்பது வழமையாயிற்று. 2014இன் பிற்பகுதியிலிருந்து விற்பனையான லெனோவோ மடிக்கணனிகள் சிலவற்றில் ‘சுப்பர்பிஷ்’ நிறுவனத்தின் விளம்பர மென்பொருள் முன்கூட்டியே இடம்பெற்றிருந்தமையும், அது இணைய இணைப்பின் பாதுகாப்பையே குலைத்தமை 2015இல் அம்பலமானமையும் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

கம்பனிகள் இவ்விடத்தை நாடுவதற்குரிய காரணம் வெளிப்படை. ஏற்கெனவே திறந்திருக்கும் செய்நிரலே மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும். பின்னணியில் நிற்கும் செய்நிரல் அறிவித்தல்களை அனுப்பலாம். பாவனை பற்றிய தரவுகளைத் திரட்டலாம். நினைவகத்தில் முன்னரே குடியிருப்பதால் தான் மட்டும் விரைவாகத் திறப்பதுபோன்ற தோற்றத்தையும் அளிக்கலாம். அவ்விரைவுக்கான விலையைச் செலுத்துவது ஏனைய வேலைகளாகும். இயந்திரம் தன்னளவில் உழைப்பு நேரத்தைக் குறைக்க வல்லதாயினும், மூலதனத்தின் கையில் அது நேரெதிரான விளைவைத் தருதல் கூடும் என மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற்பாகத்தில் விளக்கினார். 30 மாணவர் பயிலும் கணனிக்கூடத்தில் ஒவ்வொரு கணனியும் நான்கு நிமிடம் வீணாகத் தாமதிக்குமாயின், ஒரு வகுப்புக்கு 120 மாணவ நிமிடங்கள் இழக்கப்படுகின்றன. அந்நேரம் எந்தக் கணக்கேட்டிலும் செலவாகப் பதியப்படுவதில்லை.

4. நிறுத்தும் முறைகள்

அ) விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகளிற் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்னும் பகுதியைத் தெரிவுசெய்க. செய்நிரலின் பெயர், வெளியீட்டாளர், நிலை, தொடக்கத்தில் ஏற்படுத்தும் தாக்கம் என்பன நிரல்களாகத் தோன்றும். தாக்கம் உயர்வு, நடுத்தரம், குறைவு என வகுக்கப்பட்டிருக்கும். மத்திய செயற்பாட்டு அலகின் நேரத்தில் ஒரு செக்கனுக்கு மேலாகவோ, சேமிப்பகத்தில் 3 மெகாபைற்றுக்கு மேலாகவோ பயன்படுத்தும் செய்நிரல் ‘உயர்வு’ எனக் குறிக்கப்படும். வேண்டாததன் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி ‘டிஸேபிள்’ என்பதைத் தெரிந்தால் அது அடுத்த முறை தானாகத் தொடங்காது. இதனாற் செய்நிரல் அழிந்துவிடாது. வேண்டியபொழுது நாமே அதனைத் திறக்கலாம், மனம் மாறினால் ‘எனேபிள்’ எனத் திருத்தலாம். இதே பட்டியலைச் ‘செற்றிங்ஸ்’ பகுதியில் ‘அப்ஸ்’ என்பதன் கீழும் காணலாம்.

ஆ) தொடக்கக் கோப்புறையைப் பார்க்க விரும்புவோர், விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ விசையை அழுத்தித் தோன்றும் பெட்டியில் ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும். திறக்கும் கோப்புறையிலுள்ள குறுக்குவழியை அகற்றினால் அச்செய்நிரல் தொடங்குவது நிற்கும்.

இ) பல செய்நிரல்களின் சொந்த அமைப்புப் பகுதியிலேயே ‘கணனி தொடங்கும்பொழுது திற’ என்னும் தெரிவு உண்டு. இயன்றவிடத்து முதலில் அதனை நீக்குவதே தக்கது; இல்லையேல் அடுத்த புதுப்பிப்பின்பொழுது சில செய்நிரல்கள் தமது பதிவை மீண்டும் எழுதிவிடும்.

ஈ) சேவைகளும், காலம் குறித்து இயங்கும் பணிகளும் மேற்கூறிய பட்டியலில் இடம்பெறா. அவற்றுக்குத் தனித்தனிக் கருவிகள் உள. முன்னர் குறிப்பிட்ட ஓட்டோரன்ஸ் அனைத்தையும் சேர்த்துக் காட்டும். எம்எஸ்கொன்பிக் கருவியிற் சேவைகளைப் பார்க்கும்பொழுது, மைக்ரோசொப்ட் சேவைகளை மறைக்கும் தெரிவை முதலில் இட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

உ) மக் கணனிகளில் 2022இல் வெளியான வென்சுரா பதிப்பிலிருந்து, ‘சிஸ்ரம் செற்றிங்ஸ்’ என்பதன் பொதுப் பகுதியில் ‘லொகின் ஐற்றம்ஸ்’ என்னும் பட்டியல் உண்டு. உட்புகும்பொழுது திறப்பவையும் பின்னணியில் இயங்க அனுமதி பெற்றவையும் அங்கு வேறுவேறாகக் காட்டப்படும். புதிதாக ஒரு செய்நிரல் பின்னணி உரிமை பெற்றதும் பாவனையாளருக்கு அறிவித்தல் கிடைக்கும் என்பது வரவேற்கத்தக்க முன்னேற்றமாகும்.

ஊ) லினக்ஸ் முறைமைகளில் வரைவியல் முகப்போடு தொடங்குபவை, பாவனையாளரின் ‘கொன்பிக்’ கோப்புறைக்குள் அமைந்த ‘ஓட்டோஸ்டார்ட்’ என்னும் கோப்புறையில் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். பழைய டொஸ் காலத்து வெளிப்படைத்தன்மை இங்கு பேணப்பட்டுள்ளது. பின்னணிச் சேவைகளை, பெரும்பாலான லினக்ஸ் வகைகளிற் பயிலும் ‘சிஸ்ரம்டி’ முறைமையின் கட்டளைகளால் நிறுத்தலாம்.

5. சில எச்சரிக்கைகள்

மேற்கூறியவற்றை வாசித்த உற்சாகத்தில் அனைத்தையும் நிறுத்திவிடுவது தவறாகும். வைரஸ் தடுப்பு, தொடுபலகை, ஒலி ஆகியவற்றுக்குரிய செய்நிரல்களை இருந்தவாறே விடல் வேண்டும். பார்வைக் குறைபாடுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தானாகத் தொடங்காவிடின் அவர்களாற் கணனியையே பயன்படுத்த இயலாது. நம் மொழிசார்ந்த எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. இ-கலப்பை, என்எச்எம் ரைற்றர் போன்ற தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் பின்னணியில் நின்று நமது விசையழுத்தங்களைத் தமிழெழுத்துகளாக மாற்றுபவை. நான் முன்னர் குறிப்பிட்ட மாணவியின் கணனியில், ஆர்வமிகுதியால் யான் அத்தகைய கருவி ஒன்றையும் நிறுத்திவிட்டேன். மறுநாள் தமது ஆய்வேட்டில் ஒரு தமிழெழுத்தைத்தானும் இட முடியவில்லை என அவர் திரும்பி வந்தார். பெயரும் வெளியீட்டாளரும் விளங்காத எதனையும், அது யாதெனத் தேடியறியும்வரை நிறுத்தலாகாது என்பதையும், ஒரு முறைக்கு ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திக் கணனியை மீளத் தொடக்கிப் பார்த்தல் வேண்டும் என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன்.

எனவே தானாகத் தொடங்குதல் தன்னளவிற் தீமையானதன்று. இயந்திரத்தையும், அது மூலதனத்தாற் பயன்படுத்தப்படும் முறையையும் வேறுபடுத்திக் காணத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என மார்க்ஸ் கூறியது இங்கும் பொருந்தும். தமிழ் விசைப்பலகை தானாகத் தொடங்குவதும், விளம்பரச் செய்நிரல் தானாகத் தொடங்குவதும் தொழில்நுட்ப அளவில் ஒன்றே. எவரது தேவைக்காக, எவரது இசைவுடன் என்பதே அவற்றை வேறுபடுத்துகின்றது.

இசைவு பற்றிய இவ்வினாவின் தீவிரத்தை இன்னொரு நிகழ்வும் உணர்த்தும். விண்டோஸ் 95 இலிருந்து இறுவட்டொன்றை இட்டதும் அதிலுள்ள செய்நிரல் தானாகத் தொடங்கும் வசதி இருந்தது. 2005இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசைத்தட்டுகள் சில, தம்மை மறைத்துக்கொள்ளும் மென்பொருளைப் பாவனையாளரின் கணனிகளில் நிறுவியதை ருசினோவிச் வெளிப்படுத்தினார். 2008இற் பரவத் தொடங்கிய ‘கொன்பிக்கர்’ என்னும் புழு, இதே தானியங்கு வசதியைப் பயன்படுத்திப் பென்டிரைவ்கள் வழியாகவும் பரவியது. 2009இல் வெளியான விண்டோஸ் 7 பென்டிரைவ்களுக்கு அவ்வசதியை நீக்கியது. பழைய பதிப்புகளுக்கு 2011 பெப்ரவரியிலேயே அம்மாற்றம் பரவலாகக் கிடைத்தது. கம்பனியின் வசதிக்காகத் திறந்துவைக்கப்பட்ட கதவு, கள்வருக்கும் திறந்தே இருந்தது.

6. முடிவுரை

ஒவ்வொரு பாவனையாளரும் தமது பட்டியலைச் சீர்செய்துகொள்வது பயனுள்ளது. ஆயினும் அது தனியாள் பரிகாரமேயாகும். அறிந்தவர் தப்பித்துக்கொள்வர், அறியாதவர் கடன்பட்டுப் புதிய கணனி வாங்குவர். கேளாமலே எதுவும் தொடங்கலாகாது, தொடங்க விரும்பும் செய்நிரல் முதலில் அனுமதி கேட்டல் வேண்டும் என்பது பொது நியதியாதல் வேண்டும். அதற்கான தொழில்நுட்பம் அரியதன்று. பல்கலைக்கழகங்கள் தமது கணனிக்கூடங்களில் இந்நியதியை இன்றே நடைமுறைப்படுத்தலாம்: கொள்வனவின்பொழுது முன்நிறுவிய செய்நிரல்கள் இல்லாத கணனிகளைக் கோரலாம், தவணைக்கொரு முறை பட்டியலைப் பரிசீலிக்கலாம், புதுமுக மாணவருக்கு ஒரு மணித்தியாலப் பயிற்சியளிக்கலாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவுற்றதனால், இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணனிகள் பல பழையனவெனக் கழிக்கப்படும் நிலையில் உள்ளன. அவற்றைக் கழிப்பதற்கு முன், அவற்றின் தாமதத்துக்குக் காரணம் வயதா அன்றி வாயிலிற் கூடிநிற்கும் செய்நிரல்களா எனப் பார்த்தல் வேண்டும். லினக்ஸ் போன்ற திறந்த முறைமைகளுக்கு மாற்றுவதும் ஆராயத்தக்கது.

அம்மாணவி அதே கணனியிலேயே தமது ஆய்வேட்டை எழுதி முடித்தார். அதன்பின் விடுதியிலுள்ள தோழியர் பலரின் கணனிகளையும் அவரே சீர்செய்தார் என அறிகின்றேன். தமிழ்க் கருவியை மட்டும் நிறுத்தலாகாது என்பதை அவர் எல்லோருக்கும் முதலிற் சொல்லிக்கொடுத்தாராம்.